லாந்தர் கடிகாரம்: முள் ஒண்ணுதான், பேர் இல்ல, நாலு மணிக்கு ஏழு அடிக்குது. உதவி தேவை

#1 பித்தளைப்பிரியன் (லெஸ்டர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இந்தப் பக்கம் வேடிக்கை மட்டும் பார்த்துட்டிருந்தவன். போன சனிக்கிழமை ஒரு ஏலத்துல, வீட்டம்மாவோட முறைப்பையும் மீறி, ஒரு பழைய இங்கிலீஷ் கடிகாரத்தைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

உயரம் 15 அங்குலம் இருக்கும். நாலு மூலையில நாலு கடைசல் தூண், தூணுக்கு மேல குமிழ், கீழ உருண்டைக் கால். உச்சியில கவுத்து வெச்ச மணி. மணிக்குக் கீழே முன்பக்கமும் ரெண்டு பக்கவாட்டிலும் துளைவேலை செஞ்ச தகடு. அதுல ரெண்டு மீன் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு வாலைத் தூக்கி நிக்குது. முதுகுத் தகடு மட்டும் இரும்பு, மத்ததெல்லாம் பித்தளை. முதுகுல ஒரு இரும்பு வளையமும் கீழ ரெண்டு கூர் முள்ளும் இருக்கு, சுவத்து ஆணியில மாட்டுறதுக்காம்.

கேள்விகள்:

ஏலக்காரர் சீட்டுல "கிராம்வெல் காலம்"னு போட்டிருந்தார். நம்பலாமா? டயல்ல செய்தவர் பேர் எங்கேயும் இல்ல. அப்போ டூப்ளிகேட்டா? முள் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு விழுந்துடுச்சா? முக்கியமான கேள்வி, நேத்து சாயங்காலம் 4 மணிக்கு 7 அடிச்சுது, 5 மணிக்கு 8. வீட்டம்மா "இதுக்குத்தான் இவ்வளவு காசா"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல.

#2 கடிகார_வைத்தியர் (மதுரை)

தம்பி, காசு எவ்வளவுன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க. முதல்ல உங்க வீட்டம்மா கேள்விக்குப் பதில்.

நாலுக்கு ஏழு அடிக்கிறது கோளாறே இல்ல. பின்னால பாருங்க, ஒரு பெரிய வட்டத் தகடு இருக்கும், ஓரத்துல வெட்டு வெட்டா. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைவெளி ஒரே மாதிரி இருக்காது. முதல்ல குறுகலா இருந்து, போகப் போக அகலமாகும். அதுதான் கணக்குச் சக்கரம். ஒரு கொக்கி அந்த ஓரத்துல சவாரி பண்ணும். வெட்டுல விழுந்தா அடி நிக்கும், வெட்டு வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கும். 1, 2, 3ன்னு 12 வரைக்கும் கூட்டினா 78 அடி, ஒரு சுத்து. நேரம் காட்டுற பகுதி மணிக்கு ஒரு தரம் "அடி"ன்னு மட்டும்தான் சொல்லும். எத்தனைன்னு அதுக்குத் தெரியாது. காருல வர்றப்ப குலுங்கி கொக்கி மூணு தரம் எழும்பியிருக்கும், அவ்வளவுதான். விரலால அந்தக் கொக்கியை மெதுவா தூக்கி விடுங்க, அடிக்கும். முள் எங்க நிக்குதோ அந்தக் கணக்கு வர்ற வரைக்கும் தூக்கித் தூக்கி விடுங்க. முள்ளைப் பின்னால மட்டும் திருப்பிடாதீங்க.

இப்ப நான் கேக்குறேன். டயல்ல சாவி போடுற ஓட்டை இருக்கா? பெண்டுலம் எவ்வளவு நீளம், எங்க தொங்குது? இழுக்கிற எடைக்குண்டு ஒண்ணா ரெண்டா, அது தொங்குறது கயிறா சங்கிலியா?

#3 வெட்டிப்பேச்சு

ஒரே ஒரு முள், அதுவும் தப்பா அடிக்குது. எங்க பெரியப்பா மாதிரியே இருக்கு. அவருக்கும் மணி கேட்டா "நாலு நாலரை இருக்கும்டா"ன்னுதான் பதில்.

#4 ஏட்டுச்சுவடி

வெட்டிப்பேச்சு கிண்டலாகச் சொன்னதே சரியான விடை. அந்தக் கடிகாரம் பிறக்கும்போதே ஒரு முள்தான். டயலை உற்றுப் பாருங்கள். ரோமன் எண்கள் பொறித்த வளையத்தின் உள் விளிம்பில், ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே நான்கே பிரிவுகள் இருக்கும். மொத்தம் 48. நிமிடக் கோடுகள் இருக்காது. முள் முதல் பிரிவைத் தாண்டினால் கால் மணி, நடுவில் இருக்கும் அல்லி மொட்டு போன்ற குறியில் நின்றால் அரை மணி. நாளொன்றுக்குக் கால் மணி நேரம் முன்பின் ஓடும் பொறிக்கு நிமிட முள் வைப்பது வீண் அலங்காரம். வெயில் கடிகாரத்தைப் பார்த்து அவ்வப்போது சரிசெய்துகொள்வார்கள்.

"கிராம்வெல் காலம்" என்பது ஏலச் சீட்டுத் தமாஷ். கிராம்வெல் இங்கிலாந்தை ஆண்டது 1653 முதல் 1658 வரை. இந்த வகைக் கடிகாரங்கள் 1600-ஐ ஒட்டித் தொடங்கி 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வெளியூர்களில் அதற்குப் பிறகும்கூடச் செய்யப்பட்டன. முதலாம் எலிசபெத் ராணியின் கடைசி நாட்களில் பிறந்த சாதனத்தை கிராம்வெல் தலையில் கட்டியது விக்டோரியா காலத்துப் பழம்பொருள் வியாபாரிகள். அந்தப் பெயருக்கு விலை போனது, ஒட்டிக்கொண்டது.

உங்கள் மீன்கள் மீன்கள் அல்ல, டால்பின்கள். அந்த முகப்புத் தகடு 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவலாக வருகிறது. அதற்கு முன்பு பெரும்பாலும் கேடயச் சின்னம் போன்ற வடிவங்கள். எண் வளையம் குறுகலாக இருக்கிறதா, அகலமாகவா? ஆரம்பகாலத்து வளையங்கள் ஒல்லி. போகப்போக அகலம் கூடி, கடைசியில் கடிகார உடம்பை விட வளையம் பெரிதாகி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ரகத்துக்கு அங்கே "ஆட்டுத்தலை" என்று பட்டப்பெயர்.

பெயர் இல்லாததால் போலி என்று அர்த்தமில்லை. பெயர் பொறிக்காத அசல் லாந்தர் கடிகாரங்கள் ஏராளம். பெயர் இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். வெற்றுத் தகட்டில் ஒரு லண்டன் பெயரை வெட்டிவிட்டால் விலை ஏறும் என்பது எல்லாக் காலத்திலும் தெரிந்த விஷயம்தானே.

#5 யாழ்_மணிக்கூடு (லண்டன்)

வணக்கம். நாங்கள் கடிகாரத்தை "மணிக்கூடு" எண்டுதான் சொல்லுறது. சின்ன வயசிலை அந்தச் சொல்லை யோசிச்சதில்லை. முதல்முதல் ஒரு லாந்தர் கடிகாரத்துக்கு முன்னாலை நிண்டபோதுதான் விளங்கினது. உச்சியிலை மணி, கீழை கூடு. இங்கிலீசிலையும் இதுக்கு "பறவைக்கூடு" எண்டு ஒரு செல்லப்பேர் இருக்குது, "கட்டில்கால்" எண்டும் ஒண்டு, நாலு தூண் இருக்கிறபடியால்.

லாந்தர் எண்ட பேர் எப்பிடி வந்தது எண்டதிலை ரெண்டு கட்சி. பழைய லாந்தல் விளக்கு மாதிரி இருக்கிறதாலை எண்டு ஒரு கட்சி. பித்தளைக்கு அந்தக் காலத்து இங்கிலீசிலை "லாட்டன்" எண்டு ஒரு சொல் இருந்தது, அது மருவினது எண்டு மற்றக் கட்சி. நான் லாட்டன் பக்கம்.

#6 ஏட்டுச்சுவடி

நான் விளக்குப் பக்கம். செய்தவர்களும் வாங்கியவர்களும் அன்றைக்கு லாந்தர் என்றே சொல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டுச் சொத்துப் பட்டியல்களில் "வீட்டுக் கடிகாரம்", "அறைக் கடிகாரம்", "பித்தளைக் கடிகாரம்", அல்லது வெறுமனே "கடிகாரம்". லாட்டன் என்ற உலோகப் பெயரிலிருந்து வந்திருந்தால் அந்த உலோகப் பெயர் புழங்கிய காலத்திலேயே வந்திருக்க வேண்டாமா? பின்னாளில் வந்தவர்கள் கண்ணில் பட்ட உருவத்துக்கு வைத்த பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் "மணிக்கூடு" இரண்டையும் அடித்துவிட்டது. இனி இந்த இழையில் அதுவே இருக்கட்டும்.

#7 பித்தளைப்பிரியன்

அக்கா, அண்ணா, வைத்தியரே, எல்லாருக்கும் நன்றி. கொக்கியைத் தூக்கி விட்டேன். ஒன்பது தரம் தூக்க வேண்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி "எல்லாம் நலமா"ன்னு விசாரிச்சுட்டுப் போனார். இப்ப கணக்குச் சரி.

வைத்தியர் கேள்விகளுக்கு: டயல்ல சாவி ஓட்டை இல்ல. பெண்டுலம் பின்னால தொங்குது, ஆணியிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர். குண்டு ஒண்ணுதான், ஈயம். கூடவே எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஈய வளையம். சங்கிலி. எண் வளையம் ஒல்லிதான், கூட்டுக்குள்ளயே அடங்குது.

#8 கடிகார_வைத்தியர்

சாவி ஓட்டை இல்லன்னு சொன்னதுமே பாதி நிம்மதி. டயல்ல ரெண்டு சாவி ஓட்டையும் ரெண்டு முள்ளும் இருந்தா, ஒண்ணு அது விக்டோரியா காலத்துல புதுசா செஞ்ச பொம்மை, இல்ல பழைய கூட்டைக் காலி பண்ணி உள்ள ஸ்பிரிங் மெஷினை வெச்சது. உங்களுது அந்தக் கேஸ் இல்ல.

ஆனா ஒல்லி வளையத்துக்கும் ஒரு மீட்டர் பெண்டுலத்துக்கும் பொருந்தலையே. மேல மணியையும் முகப்புத் தகட்டையும் கழட்டிட்டு மேல் தகட்டை நல்ல வெளிச்சத்துல பாருங்க. எங்கயாவது ஓட்டையை அடைச்ச தடம் இருக்கா? பித்தளையைப் பித்தளையால அடைச்சு அரம் போட்டு மழுக்கினாலும் வட்டம் தெரியும், சாய்ச்சுப் பாக்கணும்.

#9 வெட்டிப்பேச்சு

ஒரு பெண்டுலம் எப்படிப் பொருந்தாம போகும்? கடிகாரம்னாலே பெண்டுலம்தானே? விவரம் தெரியாம கேக்குறேன், திட்டாதீங்க.

#10 ஏட்டுச்சுவடி

திட்டமாட்டேன், நல்ல கேள்வி. பெண்டுலம் இல்லாமல் கடிகாரங்கள் பல நூற்றாண்டு ஓடின.

ஆரம்பகால மணிக்கூட்டில் மணிக்கு அடியில், மேல் தகட்டின் மீது ஒரு வளையச் சக்கரம் படுத்த வாக்கில் இப்படியும் அப்படியும் ஆடும். அதன் நடுத்தண்டில் இரண்டு இதழ்கள். கிரீடம் போல் பல் வைத்த சக்கரம் ஒரு இதழைத் தள்ளும், வளையம் ஒரு பக்கம் சுழலும். உடனே எதிர்ப்பக்கப் பல் மற்ற இதழைத் தள்ளும், வளையம் திரும்பி வரும். அதற்கு ஸ்பிரிங் கிடையாது. எனவே அதற்கென்று சொந்தத் தாளமும் கிடையாது. குண்டின் இழுப்பு கூடினால் வேகம், எண்ணெய் கெட்டியானால் தாமதம். எடையைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் நேரத்தைச் சரிசெய்ய முடியும். பெண்டுலத்துக்கு அப்படி இல்லை. அதன் ஆட்டத்தை அதன் நீளமும் பூமியின் இழுப்பும் தீர்மானிக்கின்றன. ஒரு பக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் பெண்டுலம் 99 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பித்தளைப்பிரியன் அளந்த "கிட்டத்தட்ட ஒரு மீட்டர்" அதுதான்.

ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானி 1656 டிசம்பரில் பெண்டுலத்தைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார். அவருக்காக ஹேக் நகரில் சாலமன் கோஸ்டர் 1657-இல் அதைச் செய்து உரிமையும் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி லண்டன்காரப் பையன் ஒருவன் கோஸ்டரிடம் வேலை செய்ய ஒப்பந்தம் போட்டான். பெயர் ஜான் ஃப்ரோமன்டீல். அவன் அப்பா அஹாசுவேரஸ் ஃப்ரோமன்டீல், நாரிச்சில் 1607-இல் பிறந்த ஃபிளெமிஷ் வம்சாவளிக்காரர், லண்டனில் பெரிய கடிகாரப் பட்டறை வைத்திருந்தவர். 1658 அக்டோபர் மாத லண்டன் செய்தித்தாளில் அப்பாவின் விளம்பரம் வந்துவிட்டது: புது வகைக் கடிகாரம், முன்னெப்போதையும்விடத் துல்லியம், ஒரு முறை முறுக்கினால் ஒரு வாரம், ஒரு மாதம், ஏன் ஒரு வருடம்கூட ஓடக்கூடியவையும் உண்டு. கிடைக்குமிடங்களில் ஒன்று, லோத்பரி தெருவில் கடற்கன்னிப் பலகை தொங்கும் கடை.

#11 யாழ்_மணிக்கூடு

அந்தக் கடற்கன்னிக் கடையைப் பற்றிக் கட்டாயம் கதைக்கவேணும். வீட்டு இலக்கம் இல்லாத காலம், கடைக்கு அடையாளம் தொங்கவிட்ட பலகைதான். வில்லியம் செல்வுட் எண்டவர் அந்தக் கடையிலை மணிக்கூடு செய்தவர். அவருக்குப் பிறகு தாமஸ் லூம்ஸ். லூம்ஸும் ஃப்ரோமன்டீலும் கூட்டாளிகள். அதே தெருவிலை "குறுக்குச் சாவி" பலகைக்குக் கீழை தாமஸ் நிஃப்டன். அவர் தன்ரை பேரோடை பலகையையும் தெருவையும் சேர்த்து வெட்டியிருப்பார். பீட்டர் குளோசன் எண்டவர் "ஹோல்போர்ன் பாலத்துக்குக் கிட்ட" எண்டு பொறிச்சவர். இண்டைக்கு அந்தப் பாலமும் இல்லை, பலகையளும் இல்லை. 1666 பெருந்தீ லண்டனின்ரை நடுப்பகுதியைத் திண்டுபோட்டுது. விலாசம் மட்டும் பித்தளையிலை இருக்குது.

ஏன் எல்லாரும் லோத்பரியிலை? அது வார்ப்புக்காரற்றை தெரு. 1598-இலை ஜான் ஸ்டோ லண்டனைச் சுத்தி எழுதினபோது, அங்கை மெழுகுதிரித் தண்டு, உரல், கணப்புச் சட்டி எல்லாம் வார்த்து, கடைஞ்சு, சுரண்டுற சத்தம் தெருவாலை போறவனுக்குத் தாங்க ஏலாது எண்டு முறைப்பாடு எழுதி வச்சிருக்கிறார். தூணும் குமிழும் காலும் மணியும் வார்க்கிற இடத்துக்குப் பக்கத்திலைதானே கடிகாரக்காரன் இருக்கவேணும்.

#12 பித்தளைப்பிரியன்

அண்ணா, நான் கும்பகோணத்துக்காரன். பாத்திரப் பட்டறைத் தெருவுல வளந்தவன். ஸ்டோ ஐயாவோட காது வலி எனக்கு நல்லாவே புரியுது. மதியம் தூங்க முடியாது எங்க தெருவுல.

ஒரு சந்தேகம். நீங்க சொல்ற பேர்ல பாதி இங்கிலீஷ் பேர் மாதிரியே இல்லையே?

#13 ஏட்டுச்சுவடி

அங்கேதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இருக்கிறது. "ஆங்கிலேய" மணிக்கூட்டைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் அகதிகள். இன்றைய பெல்ஜியமும் வட பிரான்சும் சேர்ந்த பகுதியில் ஸ்பெயின் ஆட்சியின் மதக் கெடுபிடிக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் கைவினைஞர்கள். லண்டன் மாநகரக் கைவினைச் சங்கங்களின் பிடி எட்டாத பிளாக்ஃபிரையர்ஸ் போன்ற பகுதிகளில் குடியேறினார்கள். நிக்கோலஸ் வாலின் அவர்களில் ஒருவர். 1598 என்று தேதியிட்டு அவர் செய்த கடிகாரம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 13 மணிகள் வரிசையாக நின்று ராகம் இசைக்கும். 1603 கொள்ளைநோயில் வாலினும் அவர் தந்தையும் ஒரே ஆண்டில் போனார்கள்.

ஐரோப்பியக் கண்டத்தில் சுவர்க் கடிகாரம் என்றால் இரும்புச் சட்டம். கொல்லன் வேலை. அதே எலும்புக்கூட்டை லண்டனில் பித்தளையில் வார்த்தார்கள். கடிகாரக்காரர்கள் அப்போது பெரும்பாலும் கொல்லர் சங்கத்தில்தான் உறுப்பினர்கள். தனிச் சங்கம் வேண்டும் என்று மன்றாடி, 1631 ஆகஸ்ட் 22-இல் முதலாம் சார்லஸிடம் பட்டயம் வாங்கினார்கள். மன்றாடியதற்கு ஒரு காரணம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்ற புகார்! தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்களே வெளியிலிருந்து வந்தவர்கள்தான்.

அந்தச் சங்கத்தில் வில்லியம் போயர் என்று ஒருவர். மிக அழகான மணிக்கூடுகள் செய்தவர். சங்கப் பொறுப்புகள் தன் தலையில் விழாமல் இருக்க 1642-இல் சங்கத்துக்கே ஒரு பெரிய அறைக் கடிகாரத்தைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். வேலை தெரிந்தவன் கூட்டம் போடுவதற்குப் பயந்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

#14 வெட்டிப்பேச்சு

போயர் என் குலதெய்வம். எங்க அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கு நானும் ஒரு கடிகாரம் வாங்கிக் குடுத்துடலாம்னு இருக்கேன்.

அந்தச் சங்கத்தோட முதல் தலைவர் டேவிட் ராம்சே பத்தி எங்கயோ படிச்சேன். ராஜாவோட கடிகாரக்காரர், 1634-ல வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில புதையல் இருக்குன்னு மந்திரக்கோல் எடுத்துட்டு ராத்திரி போய்த் தோண்டினாராமே? பெரிய காத்து அடிச்சு எல்லாரும் பயந்து ஓடிட்டாங்களாம். உண்மையா?

#15 ஏட்டுச்சுவடி

உண்மை. கூடப் போன சோதிடர் வில்லியம் லில்லி தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். தோண்டியதில் ஒரு சவப்பெட்டிதான் கிடைத்தது. இழைக்குத் திரும்புவோம்.

#16 பித்தளைப்பிரியன்

வைத்தியரே, பார்த்துட்டேன். கை நடுங்குது.

மேல் தகட்டுல நடுவுல ஒரு அடைச்ச வட்டம், கிட்டத்தட்ட சுண்டுவிரல் நகம் அளவு. அதுக்குப் பக்கத்துல சின்னதா இன்னொரு அடைப்பு. தகட்டோட முன் ஓரத்துல ஒண்ணு, பின் ஓரத்துல ஒண்ணு, இன்னும் ரெண்டு. இப்போ ஆடுற பெண்டுலத்தோட நங்கூரம் மாதிரிக் கொக்கி இருக்கே, அதைத் தாங்குற பித்தளைத் துண்டு நிறமே வேற, கொஞ்சம் சிவப்பா இருக்கு.

டயலைக் கழட்டினேன். பின்பக்கத்துல ஊசியால கீறின மாதிரி எழுத்து. ஒண்ணு 1764, ரெண்டு எழுத்தோட. இன்னொண்ணு 1851. மூணாவது படிக்க முடியல.

#17 கடிகார_வைத்தியர்

கை நடுங்கட்டும், திருகாணியைத் தொலைச்சிடாதீங்க.

அந்தக் கீறல் எங்க ஆளுங்க வேலை. ஓவராயில் பண்ணினவன் தேதியும் இனிஷியலும் உள்பக்கம் கீறி வெப்பான். நானே 1983-லேர்ந்து கீறிட்டிருக்கேன். அடுத்தவன் திறக்கும்போது ஒரு வணக்கம் மாதிரி.

இப்ப ஓட்டைக்கு வருவோம். ஆடுற வளையத்துக்குத் தண்டு நிமிர்ந்து நிக்கும், அது தகட்டோட நடுவைத் துளைச்சுக்கிட்டு மேல வரும். மேல் முனையைத் தாங்க ஒரே ஒரு கை, பக்கத்துல திருகி வெச்சது. உங்க நடு ஓட்டையும் பக்கத்துச் சின்ன ஓட்டையும் அந்த ஜோடி மாதிரி தெரியுது. அப்புறம் 1658-க்கு மேல வந்த குட்டிப் பெண்டுலம். அதுக்குத் தண்டு படுத்த வாக்குல முன்னேயிருந்து பின்னே போகும். ஆக முன் ஓரத்துல ஒரு தாங்கு, பின் ஓரத்துல ஒரு தாங்கு. உங்க மத்த ரெண்டு அடைப்பு. அப்புறம் 1670-ஐ ஒட்டி வந்த நங்கூரக் கொக்கியும் நீளப் பெண்டுலமும், அதுதான் இப்ப ஆடுது. ஆக மூணு ஜென்மம்.

உறுதி பண்ண இன்னொரு இடம் இருக்கு. நேரம் ஓட்டுற பெரிய சக்கரத்துல, கயிறு சுத்துற உருளைக்கிட்ட, நாக்கு இருக்கா பாருங்க. டிக்கிடிக்கிடிக்குன்னு ஒரு பக்கம் மட்டும் சுத்த விடுமே, அது.

#18 பித்தளைப்பிரியன்

அடிக்கிற சக்கரத்துல நாக்கு இருக்கு. நேரச் சக்கரத்துல இல்ல, உருளை சக்கரத்தோட சேர்த்து இறுக்கியிருக்கு. ஆனா அதுலயும் ஒரு ஆணி ஓட்டை அடைச்ச தடம் இருக்கு. உருளையில சின்னச் சின்னதா கூர் முள்ளு வேற.

#19 கடிகார_வைத்தியர்

சரியாப் போச்சு. முதல்ல அதுலயும் நாக்கு இருந்திருக்கு. நாக்கு இருந்தா அதுக்குன்னு தனிக் குண்டு, தனிக் கயிறு. ரெண்டு குண்டு. பன்னண்டு மணி நேரம் ஓடினா பெரிசு, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் இழுத்து விடணும். பின்னாடி ஹைகன்ஸ் ஐயாவோட முடிவில்லாக் கயிறு வந்துச்சு. ஒரே கயிறு மாலை மாதிரி ரெண்டு உருளையிலயும் போகும், ஒரே குண்டு ரெண்டுக்கும் உழைக்கும். இழுத்து விடுறப்பகூட நேரம் நிக்காது. அதுக்கு மாத்தினப்ப ஒரு நாக்கை எடுத்துட்டு உருளையை இறுக்கிட்டாங்க.

உங்க உருப்படி பெண்டுலத்துக்கு முன்னால பிறந்ததுன்னு நான் சொல்வேன். டால்பின் தகடு அசல்தான்னா 1650-ஐ ஒட்டின காலம். ஏலக்காரர் தெரியாத்தனமா உண்மையைச் சொல்லிட்டார்!

#20 யாழ்_மணிக்கூடு

அப்ப திருப்பி வளையச் சக்கரத்தைப் போடுங்கோ! அசலான வளையத்தோடை தப்பின மணிக்கூடுகள் விரல்விட்டு எண்ணுற அளவுதான். நான் சயன்ஸ் மியூசியத்துக்குள்ளை இருக்கிற கடிகாரச் சங்கத்தின்ரை கூடத்துக்கு அடிக்கடி போறனான், 2015-இலையிருந்து அங்கைதான் இருக்குது. ஆடுற வளையம் உயிருள்ள ஒண்டு மாதிரி, மூச்சு வாங்குற மாதிரி. நீளப் பெண்டுலம் போட்டா அது வெறும் கடிகாரம்.

#21 ஏட்டுச்சுவடி

கடுமையாக எதிர்க்கிறேன். போடப்போகும் வளையம் எங்கிருந்து வரும்? அளவு தெரியாது, தண்டு தெரியாது, பழைய கிரீடச் சக்கரம் எப்போதோ உருக்கப்பட்டிருக்கும். புதிதாகச் செய்து பழசு போலச் சாயம் பூசப் போகிறோம். அதற்காக, யாரோ ஒரு ஊர்க் கைவினைஞர் முந்நூறு ஆண்டுக்கு முன் கையால் அறுத்து வைத்த நங்கூரத்தைக் கழற்றி டப்பாவில் போடப் போகிறோம். எது அசல்? 1650 அசல் என்றால் 1690 அசல் இல்லையா?

மாற்றியவர்களை நாசக்காரர்கள் போலப் பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நாளுக்குக் கால் மணி தப்பும் கடிகாரத்தை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவர முடியும் என்றால் நீங்கள் மாற்றமாட்டீர்களா? மாற்றாதவற்றில் பெரும்பாலானவை ஓட்டை உடைசலாகப் போய் உருக்கப்பட்டன. மாற்றியதால்தான் இது பிழைத்தது.

#22 யாழ்_மணிக்கூடு

அக்கா, நான் கழட்டி எறியச் சொல்லேல்லை. கழட்டினதைப் பத்திரமா வைக்கலாம்தானே. பாக்கிறவைக்கு அது முதல் எப்பிடி ஓடினது எண்டு தெரியவேணும். கண்ணாடிக்குள்ளை உள்ளதை மட்டும் பாத்தா ஒருத்தருக்கும் விளங்காது. வீட்டிலை ஒண்டு ஓடவேணும்.

#23 கடிகார_வைத்தியர்

ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. தொழில்காரனா ஒரு வார்த்தை. வளையம் போடணும்னா அடைச்ச நடு ஓட்டையைத் திறக்கணும். அடைப்பைத் தட்டினா தகடு எந்தப் பக்கம் கிழியும்னு எனக்கே தெரியாது. அரம் படாம, துளை போடாம செய்ய முடிஞ்சா யாழ் அண்ணன் சொல்றது சரி. இந்த உருப்படியில முடியாது. நான் தொடமாட்டேன்.

ஆனா அந்தச் சங்கிலியை இன்னிக்கே கழட்டிடலாம். உருளையில கூர் முள் இருந்தா அது கயிறுக்குச் செஞ்சது. சங்கிலி முள்ளை மழுக்கிட்டே இருக்கும். கயிறு மாத்துறதுல எதையும் வெட்ட வேண்டாம்.

#24 மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும். இழையில் ஏல விலை கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#25 யாழ்_மணிக்கூடு

வைத்தியர் சொன்னா நான் அடங்குறன். தம்பி, இடம் பாக்கப் போறதெண்டா லெஸ்டரிலையிருந்து தெற்கை சாமர்செட் பக்கம் ஒருக்கா போங்கோ. அங்கை சூ ஸ்டோக் எண்டு ஒரு ஊர். பில்பி எண்ட குடும்பம், 1698-இலையிருந்து நூறு வருசத்துக்கு மேலை கோயில் மணியும் வார்த்தவை, கடிகாரமும் செய்தவை. மணியும் கூடும் ஒரே கையாலை. லண்டன் பேரையே திரும்பத் திரும்பச் சொல்லுறம், ஆனால் பிறகு மணிக்கூட்டைக் காப்பாத்தினது இப்பிடியான ஊர்களிலை இருந்த ஆக்கள்தான். லண்டனிலை நீளப் பெட்டிக் கடிகாரம் வந்து இதை நாட்டுப்புறச் சாமான் ஆக்கின பிறகும் ஊர்களிலை செய்துகொண்டே இருந்தவை. லண்டன்காரர் சிலர் 18-ஆம் நூற்றாண்டிலை துருக்கிச் சந்தைக்கு, துருக்கி எண் போட்டு, இதே உருவத்திலை செய்து கப்பலிலை அனுப்பினவை.

#26 பித்தளைப்பிரியன்

முடிவு பண்ணிட்டேன். நங்கூரம் அப்படியே இருக்கும். பேர் இல்லாததும் அப்படியே இருக்கும் (பேர் வெட்டித் தர்றேன்னு ஒருத்தர் மெசேஜ் போட்டார், ரொம்ப நன்றி, வேண்டாம்). சங்கிலியைக் கழட்டிட்டேன். உருளை முள்ளு ரெண்டு வளைஞ்சிருக்கு, மத்தது நல்லா இருக்கு.

நடுவுல இருக்கிற சின்ன வட்டத் தகட்டுல 1லேர்ந்து 12 வரைக்கும் எண் இருக்கே, அது என்னன்னு நேத்துதான் புரிஞ்சுது. அலாரம்! எழுந்திருக்க வேண்டிய மணியைத் திருப்பி முள்ளோட வால் முனைக்கு நேரா வெக்கணும். பின்பக்கம் அலாரச் சாமான் இருந்த இடத்துல இப்போ ரெண்டு ஓட்டை மட்டும்தான். போகட்டும், போன்ல அலாரம் இருக்கு.

கயிறு என்ன கயிறு வாங்கட்டும்? கடையில பருத்தியும் நைலானும் இருக்கு.

#27 கடிகார_வைத்தியர்

நைலான் வழுக்கும், முள்ளு பிடிக்காது. சாதாப் பருத்தி வாங்கினா பஞ்சு உதிர்ந்து பினியன்ங்கிற குட்டிச் சக்கரத்தோட பல்லுல போய் அடையும், ஆறு மாசத்துல நிக்கும். இறுக்கமாப் பின்னின, நீண்டுபோகாத கயிறா பார்த்து வாங்குங்க. உருளைப் பள்ளத்துல உக்காரணும், முள்ளு ஏறணும். ரெண்டு முனையையும் முடிச்சுப் போட்டுச் சேர்க்காதீங்க, முடிச்சு உருளையில ஏறி இறங்குறப்ப குண்டு குதிக்கும். பிரியைப் பிரிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னித் தையல் போடுங்க. வளைஞ்ச முள்ளை நிமிர்த்தாதீங்க, உடையும்.

#28 பித்தளைப்பிரியன்

போட்டாச்சு. 4 மணிக்கு 4 அடிச்சுது. வீட்டம்மா எண்ணிப் பார்த்தா, ஒண்ணும் சொல்லல. ராத்திரி 12 அடிச்சப்போ சொன்னா. ராத்திரி மட்டும் அடிக்காம நிறுத்த வழி உண்டா?

#29 வெட்டிப்பேச்சு

உங்க கடிகாரத்துக்கு வழி இருக்கும். வீட்டம்மாவுக்கு வைத்தியர்கிட்டயும் வழி இல்ல.

#30 கடிகார_வைத்தியர்

அடிக்காம நிறுத்தினா காலையில கணக்கு தப்பிடும், மறுபடி ஒன்பது தரம் தூக்கணும், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். அது அடிக்கட்டும். சுத்தியலுக்கும் மணிக்கும் நடுவுல ஒரு தோல் துண்டைத் தொங்க விடுங்க. பழைய பெல்ட் போதும். காலையில எடுத்துடுங்க.